முதுகு காட்டிய மயில்

அத்தியாயம் 6

நூற்றிப் பன்னிரண்டாவது படியில் துப்பறிவாளர் தீனதயாளன் உட்கார்ந்துவிட்டார்.

"சார், ஏப்ரல் இருபத்திரெண்டு," என்றாள் அவருடைய உதவியாளர் கிரேஸ்.

"இன்னாது?"

"வருஷத்துக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள், இந்த மலைக்கு முந்நூத்தி அறுபத்தஞ்சு படி. நீங்க ஏப்ரல் இருபத்திரெண்டாம் தேதியிலயே உக்காந்துட்டீங்க. இன்னும் ஆடி, தீபாவளி, கிறிஸ்மஸ் எல்லாம் மேலதான் இருக்குது."

தீனதயாளன் கையை மட்டும் ஆட்டினார். பதில் சொல்ல மூச்சு வேண்டும். கதைகளில் வரும் துப்பறிவாளர்கள் மாடிப்படிகளை மூன்று மூன்றாகத் தாவுவார்கள், பைப்பைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். இவர் ஐம்பத்திரண்டு வயதில், வெறுங்காலில், காலை பத்து மணி வெயிலில் சுடும் கருங்கல்லில் உட்கார்ந்து, மோர்ப் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

இதற்கு முன் ஐந்து அத்தியாயம் ஓடியதே, அதில் இந்த மனுஷன் என்ன கிழித்தார் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிகம் கிழிக்கவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்வது சுலபம்.

அம்மையார்குப்பத்தில் தேசப்பன் என்பவருக்குப் பத்து விசைத்தறி. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் நகரிப் பக்கத்துப் பக்தர் குழு ஒன்று அவரிடம் மஞ்சள் சேலைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. கரையில் நடுவே ஒரு வேல். இரண்டு பக்கமும் மயில்கள் அந்த வேலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அந்தத் தறிகளில் சேலை முகம் கீழே பார்த்தபடிதான் நெய்து வரும். நாற்பத்தாறு சேலை முடிந்து, அறுத்துத் திருப்பிப் பார்த்தபோதுதான் தேசப்பனுக்கு மயக்கமே வந்தது. எல்லா மயிலும் வேலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. முருகனோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியைக் கட்டிய மாதிரி இருந்தது அந்த நிற்பு.

படத்தைத் தறிக்குக் கொண்டுபோவது 'பாவு' என்ற ஒரு மென்பொருள். ஆர்.கே.பேட்டைப் பையன் நேசகுமார் எழுதியது; இப்போது பெங்களூரில் வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். மாதம் ஒருமுறை அது திரையில் ஒரு கேள்வி கேட்கும், இரண்டு பட்டன் காட்டும். போன செவ்வாய்க்கிழமை அந்தக் கேள்விக்குப் பட்டனை அழுத்தியவள் யோகலட்சுமி. தறிக்கொட்டகையில் கம்ப்யூட்டர் பார்ப்பவள் அவள்தான். அழுத்தினாள், மயில் திரும்பிவிட்டது.

"நெய்து சோதிச்சு வெச்சதைத்தான் போடச் சொன்னேன்," என்று நேசகுமார் போனில் சத்தியம் செய்தான். "நேசகுமார் அண்ணன் சொன்னதைத்தான் செஞ்சேன்," என்று யோகலட்சுமி அழுதாள். இரண்டில் ஒன்று பொய். அதே செவ்வாய்க்கிழமை காலை, தேசப்பனின் மச்சானும் ஜென்ம விரோதியும் எதிர்க்கொட்டகைக்காரருமான சுதாகர் கேட்டருகே வந்து யோகலட்சுமியிடம் ஏதோ கொடுத்ததை இரண்டு பேர் பார்த்திருந்தார்கள். அப்புறம் என்ன, தேசப்பன் முடிவே கட்டிவிட்டார். இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவள் மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறார். சதி செய்தவள் என்று பேர் வந்துவிட்டால் பள்ளிப்பட்டிலிருந்து ஆர்.கே.பேட்டை வரைக்கும் எந்தத் தறிக்காரனும் அவளை வாசலில் கூட நிற்க விடமாட்டான். வீட்டில் மூன்று வாய் அவள் கையை நம்பித்தான் இருக்கிறது.

தீனதயாளனுக்கு இதில் சந்தேகமே இல்லை. சுதாகர்தான் ஆள். இருபது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர் அவர். மற்றவன் தப்பைக் கண்டுபிடிப்பதில் இருந்த ருசி தாங்காமல்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். சுதாகர் இன்று குடும்பத்தோடு திருத்தணி மலைமேல் இருக்கிறான் என்று தகவல் வந்ததும் கிளம்பிவிட்டார். அவருடைய வண்டி வழக்கம்போல் ஸ்டார்ட் ஆகவில்லை. அதனால் படி.

"எழுந்திருங்க சார். சுதாகர் ஓடிடப் போறான்."

"குடும்பத்தோட வந்தவன் எங்க ஓடுவான்?"

"அப்ப மெதுவா மே மாசத்துக்காவது வாங்க."

*

மேலே முடிகாணிக்கை மண்டபத்தில் தீனதயாளனுக்கு முதல் அடி விழுந்தது. அவர் சட்டைப்பையில் சுதாகரின் போட்டோ இருந்தது. தலை நிறையச் சுருட்டை முடி, முறுக்கு மீசை. எதிரில் ஐம்பது அறுபது பேர் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நின்றார்கள். ஒருவனுக்கும் முடி இல்லை, மீசையும் இல்லை.

"அடக் கடவுளே," என்றார்.

"அவர்கிட்டதான் வந்திருக்கோம், கேளுங்க," என்றாள் கிரேஸ்.

தீனதயாளன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு மொட்டையாக ஆராய்ந்தார். கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பின்னால் போய் நின்று, தோளில் கை வைத்து, "ஆட்டம் முடிஞ்சிது சுதாகர்," என்றார். திரும்பியவர் சித்தூர்ப் பக்கத்து ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர். தெலுங்கில் அவர் சொன்னது தீனதயாளனுக்கு முழுசாகப் புரியவில்லை என்றாலும் வாழ்த்து இல்லை என்பது மட்டும் புரிந்தது.

அதற்குள் கிரேஸ் ஒரு தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"தூங்கறியா?"

"கேட்டுகினு இருக்கேன் சார், செத்த பேசாம இருங்க." பத்து நொடி போனது. "அதோ, பச்சைத் துண்டு. குழந்தைய தூக்கிகினு நிக்கறாரு பாருங்க. அவருதான்."

"எப்படிச் சொல்றே?"

"பொண்டாட்டி பக்கத்துலயே நிக்குது. 'பால் பாட்டிலு எங்கடி'ன்னு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குக் கேக்கற மாதிரி கூவறாரு. அந்தம்மாவும் கூவித்தான் பதில் சொல்லுது. ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல, சிரிச்சிகினுதான் கூவறாங்க. பொழுதுக்கும் தறிச் சத்தத்துல பேசிப் பேசி வந்த பழக்கம். தறிக்காரங்க ரகசியத்தைக் கூட கூவித்தான் சொல்லுவாங்க."

தீனதயாளன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நானும் அதைத்தான் யோசிச்சிகினு இருந்தேன்."

"ஆங், டாக்டர் தோள்ல கை வெச்சி யோசிச்சீங்களே, பார்த்தேன்."

பச்சைத் துண்டு சுதாகரேதான். தீனதயாளன் தன் விசிட்டிங் கார்டை நீட்டினார். எதிராளி அதைப் படிக்கிற நேரத்தில் முகத்தைப் படித்துவிடுவது அவருடைய உத்தி. சுதாகர் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு உரக்கப் படித்தான்.

"'இரா. தீனதயாளன், துப்பறிவாளர், திருத்தணி. கட்டற்ற மென்பொருள் தமிழாக்கத் தன்னார்வலர், சான்றிதழ் பெற்றவர்.' இந்த ரெண்டாவது வரி இன்னா சார்?"

"அது ஒரு பொதுச் சேவை," என்றார் தீனதயாளன் அடக்கமாக.

"அரக்கோணத்துல ஒரு கல்யாண மண்டபத்துல முகாம் நடந்துது," என்று கிரேஸ் விளக்கினாள். "ரெண்டு வருஷம் முன்னாடி. ஒரே நாள்ல நானூறு வரி இங்கிலீஷைத் தமிழாக்கிக் குடுத்தாரு. எந்த மென்பொருளுக்குன்னு அவங்களும் சொல்லல, இவரும் கேக்கல. மதியம் பிரியாணி. சான்றிதழ ஃப்ரேம் போட்டு ஆபீஸ்ல மாட்டியிருக்காரு, வர்றவங்கல்லாம் லைசென்ஸ்னு நெனச்சிக்கறாங்க."

"கிரேஸ், போதும்." தீனதயாளன் குரலைத் தாழ்த்தினார். "மிஸ்டர் சுதாகர், செவ்வாய்க்கிழமை தேசப்பன் கொட்டகை வாசல்ல யோகலட்சுமிகிட்ட இன்னா குடுத்தீங்க?"

சுதாகரின் முகம் மாறியது. ஆகா, மாட்டிக்கொண்டான் என்று தீனதயாளன் உள்ளுக்குள் குதித்தார்.

"பத்திரிகை சார்," என்றான் சுதாகர். "புள்ளைக்கு மொட்டை, காது குத்து. எங்க அக்கா அத்தைக்காரி, அவங்க இல்லாம எப்பிடி? ரெண்டு வருஷமா பாவா, அதான் அக்கா வீட்டுக்காரரு, எங்கூடப் பேசறதில்ல. உள்ள போனா அடிக்க வருவாரு. அதான் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்து, அக்காகிட்ட சேத்துடுன்னு கெஞ்சிட்டு வந்தேன். சேரல போலக்குது. அக்கா வர்ல." மண்டபம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னான். ஆனால் கடைசி வார்த்தை கொஞ்சம் உடைந்தது.

தீனதயாளன் விடவில்லை. "அப்ப மயில்?"

"எந்த மயிலு?"

கிரேஸ் போனில் சேலைப் படத்தைக் காட்டினாள். சுதாகர் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயையோ. மயிலு வேலைப் பார்க்க வேணாவா?"

"மயில் வேலைப் பார்க்காததாலதான் சார் நாங்க வேலை பார்த்துகினு இருக்கோம்," என்றாள் கிரேஸ்.

"எங்கிட்டயும் அதே பாவு தானே ஓடுது. போன வாரம் எனக்கும் அதே கேள்வி கேட்டுச்சி. 'டெஸ்ட்டட் ஸ்நாப்ஷாட்'னு ஒண்ணு, 'லேட்டஸ்ட்'னு ஒண்ணு. டெஸ்ட்டட்ட அமுக்கினேன். எங்க மயிலுங்கல்லாம் ஒழுங்கா நிக்குது. எனக்கு எதுக்கு சார் இந்தக் கெட்ட வேலை? முருகன் கண்ணைக் குத்திட மாட்டாரு?"

"இங்கிலீஷ்லயா கேட்டுச்சி?" கிரேஸ் சட்டென்று கேட்டாள்.

"ஆங். தமிழ்லயும் வருது. வெச்சிப் பார்த்தேன். யாரு எழுதின தமிழோ, ஒரு எழவும் புரியல. மறுபடி இங்கிலீஷுக்கே மாத்திட்டேன்."

தீனதயாளனுக்குச் சுருக்கென்றது. நேற்று தேசப்பன் கொட்டகையில் அந்தத் தமிழ்த் திரையை அவரே பார்த்திருந்தார். "தூய தமிழ், கண்ணுல ஒத்திக்கலாம்," என்று எல்லோர் எதிரிலும் பாராட்டவும் செய்திருந்தார். தாய்மொழியைப் பழித்தவனோடு மேற்கொண்டு பேச விருப்பமில்லாமல் திரும்பி நடந்தார். கிரேஸ் குழந்தையின் சந்தனத் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

*

அம்மையார்குப்பம் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்தும் தீனதயாளனின் முகம் தெளியவில்லை.

"நம்ம ஒரே சந்தேக ஆளு போயிட்டான்," என்றார்.

"போகட்டும் சார். ரெண்டு கொட்டகை, ஒரே மென்பொருள், ஒரே கேள்வி. ஒருத்தர் மயிலு நேரா நிக்குது, ஒருத்தர் மயிலு கோச்சிகினு நிக்குது. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இன்னா?"

"சுதாகருக்கு மொட்டை."

"சார்."

"சரி, சரி. அவன் இங்கிலீஷ், இவ தமிழ்." சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் அவர் காதிலேயே விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பியவர் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். "கிரேஸ், நேசகுமார் அந்தப் பொண்ணுகிட்ட போன்ல சொன்ன வார்த்தை இன்னான்னு நாம கேட்டோமா?"

"சோதிச்சதைப் போடச் சொன்னேன்னு அவன் சொன்னான்."

"அது அவன் சொன்னதோட அர்த்தம். வார்த்தை இன்னா?"

கிரேஸ் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "சார், இதுதான் சார் இந்தக் கேஸ்ல நீங்க கேட்ட மொத நல்ல கேள்வி."

தீனதயாளனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆர்.கே.பேட்டை தாண்டும்வரை முதுகை நிமிர்த்தியே உட்கார்ந்து வந்தார்.

*

கொட்டகைக்குள் நுழைந்தபோது மணி மூன்று தாண்டிவிட்டது. பத்துத் தறியும் நின்றிருந்தன. தேசப்பன் வெள்ளைத்தாளில் புகாரை எழுதி முடித்து மடித்து வைத்திருந்தார். அவர் முகத்திலும் இரண்டு நாளாகச் சோறு இறங்காத களைப்பு தெரிந்தது. கம்ப்யூட்டர் மேஜையருகே யோகலட்சுமி முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார், சுதாகர் ஒத்துகினானா?" என்றார் தேசப்பன்.

"அவர் குத்தவாளி இல்ல. உங்க வீட்டம்மாவுக்குக் காதுகுத்துப் பத்திரிகை குடுக்க வந்தாரு."

யோகலட்சுமி மேஜை டிராயரைத் திறந்து மஞ்சள் கவர் ஒன்றை எடுத்து நீட்டினாள். கொட்டகையில் எல்லோருக்கும் தேசப்பன் 'நைனா'தான். "அவரு பேரையே இங்க எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க நைனா. வீட்டுக்கு எப்பிடி எடுத்துகினு போறதுன்னு பயந்துகினு உள்ளயே வெச்சிட்டேன்."

தேசப்பன் கவரை வாங்கிக்கொண்டார்.

தீனதயாளன் நேசகுமாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "தம்பி, செவ்வாய்க்கிழமை யோகலட்சுமிகிட்ட சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"சொல்றேன் சார். 'யோகா, ரெண்டு பட்டன் வரும். சோதனைல இருக்கிறத மட்டும் தொட்டுடாத, அது வேலைக்கு ஆவாது. நல்லா ஓடிகினு இருக்கிறதையே போடு.' இதான் சொன்னேன்."

"ஆமா, இதத்தான் சொன்னாரு," என்றாள் யோகலட்சுமி.

இரண்டு பேரும் முதல்முறையாக ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்.

"சோதனைல இருக்கிறதுன்னா?" என்றாள் கிரேஸ்.

"புதுசு மேடம். களஞ்சியம்னு ஒரு இடம் இருக்குது, ரிப்பாசிட்டரி. அங்கங்க இருக்கிறவங்க அவங்கவங்க பண்ண திருத்தத்தை அதுல கொண்டாந்து போட்டுகினே இருப்பாங்க. நேத்து சாயங்காலம் போட்டது கூட இருக்கும். எது எதோட இடிக்கும்னு எவனுக்கும் தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா அதை அப்படியே ஒரு நகல் எடுத்து, எங்க சித்தப்பா தறியில பதினஞ்சு நாள் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு இழை கூட தப்பலன்னாதான் அதுக்கு முத்திரை. அதைத்தான் ஸ்நாப்ஷாட்னு வெளிய விடுவோம். தொழிலுக்கு அதைத்தான் போடணும்."

"யோகலட்சுமி," என்றார் தீனதயாளன். "திரையில அந்தக் கேள்விய கொண்டா."

அவள் இரண்டு தட்டுத் தட்டினாள். திரையில் வந்தது:

எதை ஏற்ற வேண்டும்?
சோதனைப் படி
நடப்புப் படி

"நீ எதை அழுத்துனே?"

"சோதனைய தொடாதன்னு அண்ணன் சொன்னாரே, அதனால அதைத் தொடல. ஓடிகினு இருக்கிறதப் போடுன்னாரு. நடப்புன்னா இப்ப நடந்துகினு இருக்கிறதுதானே? அதை அழுத்துனேன்." யோகலட்சுமி எல்லோர் முகத்தையும் பார்த்தாள். "தப்பா?"

போனில் நேசகுமார் "அய்யய்யோ" என்றான்.

தீனதயாளனின் மூளையில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. சோதித்து முடித்த நகலுக்கு 'சோதனைப் படி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். படிக்கிறவளுக்கு அது சோதனையில் கிடப்பது. நேற்று வந்து விழுந்த புதுசுக்கு 'நடப்பு' என்று பெயர். படிக்கிறவளுக்கு அது ஓடிக்கொண்டிருப்பது. இவள் சொன்ன பேச்சைக் கேட்டாள். கேட்டதால்தான் மயில் திரும்பியது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் சதி செய்யவில்லை.

அவருக்கு ஜிவ்வென்று ஏறியது. எத்தனை வருஷமாகக் காத்திருந்த தருணம்! கொட்டகை நடுவில் போய் நின்றார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தேசப்பன் அவர்களே! குற்றவாளி இந்தப் பெண் அல்ல. 'சோதித்த' என்று எழுத வேண்டிய இடத்தில் 'சோதனை' என்று எழுதினானே, அவன்! எங்கேயோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, இதைப் படிக்கப் போகிறவர்கள் யார், அவர்களுக்கு இது எப்படிப் புரியும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காத மடையன்! அந்த முட்டாளின் பெயர் எனக்கு வேண்டும்! நேசகுமார், யார் அவன்?"

"பேரு ஞாபகம் இல்ல சார். எதோ முகாம்லேர்ந்து மொத்தமா வந்துது. தமிழ் கெடச்சுதேங்கற சந்தோஷத்துல நானும் படிச்சிப் பார்க்காம சேத்துட்டேன். கீழ 'நன்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல பேரு போட்டிருப்போம், பாருங்க."

முகாம் என்ற வார்த்தை தீனதயாளன் காதில் விழுந்தது. கிரேஸ் அதற்குள் 'நன்றி'யை அழுத்திவிட்டாள். அழுத்தியவள் எதுவும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் கிரேஸ் பேசாமல் நின்றது அதுதான் முதல் தடவை. அதிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் திரையில் படித்தார்.

தமிழாக்கம்: இரா. தீனதயாளன், திருத்தணி.

அரக்கோணம் மண்டபம் கண்முன் வந்தது. மதியம் பிரியாணி, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்ட பிரியாணி. அப்புறம் வந்த நாற்பது வரியைக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் எழுதினார். நகலுக்குப் 'படி' என்று போட்டபோது தன் தமிழை நினைத்துத் தானே பெருமைப்பட்டது கூட ஞாபகம் வந்தது. பிழைதிருத்துநராம், பிழைதிருத்துநர்! அவமானத்தில் காது மடல் சுட்டது.

"இன்னா சார், பேரு இருக்குதா?" தேசப்பன் தூரத்தில் இருந்தே கேட்டார். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. திரை அவருக்குத் தெரியாது.

இருக்கிறது என்று சொல்வதற்கும் இல்லை என்று சொல்வதற்கும் நடுவில் தீனதயாளன் நின்றார். பேர் அழிந்துபோயிருக்கிறது என்று சொல்லலாம். யாரோ வெளியூர்க்காரன் என்று சொல்லலாம். கிரேஸ் காட்டிக் கொடுக்க மாட்டாள்.

"பேரு இல்லன்னா இது எப்பிடி சார் நிக்கும்?" என்றார் தேசப்பன். "நகரிக்காரங்க நாளைக்கு வந்து கேட்டா, எதோ ஒரு வார்த்தை தப்பா பூடுச்சின்னு சொன்னா நம்புவாங்களா? அமுக்கினது இவதானேன்னுதான் கேப்பாங்க. யோகா, அந்தக் கொட்டாய் சாவிய இப்பிடிக் குடு."

யோகலட்சுமி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அழவில்லை. அழுது முடித்துவிட்டிருந்தாள் போலிருக்கிறது. அதைப் பார்க்கத் தீனதயாளனுக்குத் தாங்கவில்லை.

"பேரு இருக்குதுங்க," என்றார். குரல் தறிச் சத்தமே இல்லாத கொட்டகையில் ரொம்பச் சின்னதாகக் கேட்டது. "இரா. தீனதயாளன். நான்தான்."

"நீங்களா?"

"அந்த மடையன், முட்டாள்னு சொன்னேனே, எல்லாமே நான்தான். சாவிய அவகிட்டயே குடுத்துடுங்க."

தேசப்பன் சட்டைப்பையைத் துழாவி, முந்தாநாள் வாங்கிய விசிட்டிங் கார்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். இரண்டாவது வரியை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். பிறகு கார்டின் மேலாக இவரை ஒரு நிமிஷம் பார்த்தார். மேஜை மேலிருந்த புகார்த் தாளை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"யோகா," என்றார். சாவியை அவள் கையில் வைத்து மூடி, "சாப்பிட்டியாம்மா?" என்றார். அப்போதுதான் அவள் அழுதாள்.

போனில் நேசகுமார் அவளைச் சமாதானப்படுத்தினான். "யோகா, அழாத. ஒரு வகைல நல்லதுதான். நீ புதுசைப் போட்டதாலதான் அதுல மயிலு திரும்பற கோளாறு இருக்குதுன்னே தெரிஞ்சிது. இல்லன்னா அடுத்த மாசம் சித்தப்பா தறியில வந்து நின்னிருக்கும், அந்தாளு என்னைக் கொன்னே போட்டிருப்பாரு. அதை நான் சரிபண்ணிக்கறேன். இப்ப மேல இருக்கிற அந்தச் சோதனைப் படிய அழுத்து."

அழுத்தினாள். கால் மணி நேரத்தில் முதல் தறி தடதடவென்று ஓடத் தொடங்கியது. கிரேஸ் தரையில் உட்கார்ந்து, நெய்து வருகிற துணிக்குக் கீழே கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள். "திரும்பிடுச்சி! ரெண்டும் வேலைப் பார்த்துகினு நிக்குது!" என்று கூவினாள். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. பத்துத் தறியும் விடாமல் ஓடினால் போதும் என்று தேசப்பன் விரலை மடக்கிப் பார்த்துச் சொன்னார். மஞ்சள் கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர், "சாயங்காலம் விருந்து இருக்குதாம், எங்க வீட்டம்மாவ இட்டுகினு போயி தலைய காட்டிட்டு வந்துடறேன்," என்றார். அவரை யாரும் கேட்கவே இல்லை, தானாகச் சொன்னார்.

"சார்," என்றார் அப்புறம். "நகரிக்காரங்களுக்குக் காட்ட எழுத்துல வேணும். யாரு குத்தவாளி, யாரு கண்டுபிடிச்சதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தீனதயாளன் எழுதினார். குற்றவாளி என்ற இடத்தில் தன் பெயர், விசாரித்தவர் என்ற இடத்திலும் தன் பெயர். கிரேஸ் எட்டிப் பார்த்தாள்.

"சார், இருபத்தேழு கேஸ்ல இன்னைக்குத்தான் குத்தவாளி நம்ம கைல இருந்து தப்பிக்கல."

"வாய மூடு."

"காலையில படியிலயே உக்காந்தீங்களே, அப்பவே ஒத்துகினு இருக்கலாம். எனக்குக் கால் வலி மிச்சமாயிருக்கும்."

நேசகுமார் இன்னும் லைனில்தான் இருந்தான். "சார், அந்த ரெண்டு பட்டனுக்கும் வேற வார்த்தை உடனே குடுங்க, மாத்திடறேன். ஆனா நானே தறியில ஓட்டிப் பார்த்துட்டுத்தான் வெளிய விடுவேன். இத்தனை நாளா மயிலைச் சோதிச்சேன், தமிழைச் சோதிக்கல."

தீனதயாளனின் கை தானாகவே பேனாவுக்குப் போனது. 'சரிபார்க்கப்பெற்ற மெய்ப்படி' என்று ஒன்று நாக்கு நுனியில் வந்தும் விட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். பேனாவை யோகலட்சுமி பக்கம் நீட்டினார்.

"நீ எழுது. தினம் படிக்கப் போறவ நீதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பேனாவைக் கடித்தாள். பிறகு கிழிந்த புகார்த் தாளின் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டு எழுதினாள்.

நெய்து பாத்து சரினு வெச்சது
இப்பத்தான் வந்தது, யாரும் நெய்யல

"பிழை இருந்தா பாத்து குடுங்க சார்," என்று நீட்டினாள். "உங்களுக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

தீனதயாளன் வாங்கிப் பார்த்தார். 'பாத்து' இல்லை, 'பார்த்து'. 'சரினு' இல்லை, 'சரியென்று'. 'வெச்சது' இல்லவே இல்லை. அவருடைய சட்டைப்பையில் இருபது வருஷத்துச் சிவப்புப் பேனா தயாராக இருந்தது. விரல் அரித்தது.

தாளை ஸ்பீக்கரின் பக்கம் கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக நேசகுமாருக்குப் படித்துக் காட்டினார்.

"பிழை ஏதாச்சும் இருக்குதா சார்?" என்று கேட்டான் அவன்.

"ஒண்ணும் இல்ல தம்பி," என்றார் தீனதயாளன். "அப்படியே போடு. கீழ நன்றியில என் பேரை எடுத்துட்டு, யோகலட்சுமி, அம்மையார்குப்பம்னு எழுதிக்கோ."